கைக்கெட்டும் பெட்டிகள்: செஞ்சியில் ஒரு நாள்

காலை 7.10, கிளாம்பாக்கம். திருவண்ணாமலை பேருந்தின் நடுவரிசையில் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. செஞ்சிக்குத் தலைக்கு நூற்று முப்பது ரூபாய். நான்கு நாளாகப் பெய்த மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது, வானம் தெளியவில்லை. ஜன்னலோரத்தில் தம்பி அருளை உட்காரவைத்தேன். இவனுக்கு எதற்கு ஜன்னல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவன் எப்போதும் ஜன்னலோரம் கேட்பான்.

அருளுக்கு நாற்பத்தாறு வயது, என்னைவிட ஏழு வயது இளையவன். செல்போன் கோபுரங்களுக்கு இடம் அளந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தான். பிறகு கண் போகத் தொடங்கியது. விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகிவரும் நோய். இன்றைக்கு அவனுக்கு உலகம் ஒரு குழாயின் மறுமுனையில் தெரியும் சின்ன வட்டம். நல்ல வெயிலில் அந்த வட்டத்துக்குள் ஒரு முகம் அடங்கும். மேகம் மூடினால் அதுவும் மங்கிவிடும். மருந்து இல்லை என்று மூன்று இடங்களில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடமாகத் தாம்பரத்தில் என் வீட்டில் இருக்கிறான்.

செஞ்சிக்குப் போனது கோட்டைக்காக அல்ல, ஜியோகேச்சுக்காக. தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் யாரோ ஒருவர் பொது இடம் ஒன்றில் சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவைப்பார். நாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும்: கண்டுபிடிக்க எவ்வளவு கடினம், போய்ச் சேர எவ்வளவு கடினம் என்று. ஐந்து என்றால் மலை ஏறக் கயிறு வேண்டும். ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம்.

அருள் ஒரு காலத்தில் நான்குக்குக் குறைந்த எதையும் தொட மாட்டான். இப்போது ஒன்றும் ஒன்றரையும் தேடுகிறோம். செஞ்சியைச் சுற்றி, கோட்டையின் வேலிக்கு வெளியே, அப்படி மூன்று இருப்பதை நான்தான் பார்த்தேன்.

10.25, செஞ்சி பேருந்து நிலையம். இறங்கியதும் கூட்டம் எங்களை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. அன்று அமாவாசை என்பதை இரண்டு பேருமே மறந்திருந்தோம். மேல்மலையனூர் கோயிலுக்கான சிறப்புப் பேருந்துகள் வரிசையாக நின்றன. எலுமிச்சை மாலையும் வேப்பிலையுமாகப் பெண்கள் ஓடி ஏறினார்கள். கூட்டத்தில் அருளின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் பையில் மடக்குக் கோல் ஒன்று இருக்கிறது. வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது, பிரித்ததில்லை.

டவுன் பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் பெயர் ஏழுமலை, சிங்கவரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். மூன்று இடம், சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும் என்றதும் எழுநூறு ரூபாய் சொன்னார். எங்கே, எதற்கு என்று கேட்டார். மறைத்துவைத்த பெட்டிகளைத் தேடுகிறோம் என்றேன். அவர் முகம் மாறியது.

"இன்னாக்கா, பொதையலா? அப்டின்னா நான் வரல. ராவுல வந்து கோட்டையாண்ட நோண்டறவனுங்கள ஸ்டேசன்ல உக்கார வச்சிடறாங்க. அப்பறம் ஆட்டோக்காரனையும் தேடி வருவாங்க."

அருள் சிரித்தான். போனில் பெட்டியின் படத்தைக் காட்டச் சொன்னான். ஏழுமலை குனிந்து பார்த்தார்.

"உள்ள இன்னா இருக்குது?"

"ஒரு பேப்பர்."

"பேப்பரா? அதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

11.15. ஊரைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் ஒன்றரை கிலோமீட்டர். ஏரியின் உபரிநீர் ஓடும் கால்வாய்மேல் ஒரு சிறிய பாலம். பாலத்தை ஒட்டிப் பழைய சாலையின் மிச்சம் ஒரு துண்டு, வண்டி வராத இடம். இரும்புக் குழாயில் கைப்பிடி. தேடக் கடினம் ஒன்றரை, போகக் கடினம் ஒன்று. குழாயின் ஒரு முனையில் அருளின் கையை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அவன் குழாயின் அடிப்பக்கத்தில் விரல்களை ஓட்டிக்கொண்டே நடந்தான். துரு உதிர்ந்தது. கீழே செந்நிறத் தண்ணீர் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தூணில் விரல்கள் நின்றன. ஒரு சின்ன 'டக்'. காந்தம் ஒட்டிய டப்பா ஒன்று, சுண்டுவிரல் நீளம், அவன் உள்ளங்கையில் இருந்தது.

"அக்கா" என்றான். அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

சுருட்டி வைத்திருந்த தாளை விரித்தேன். பெயர்கள் எல்லாவற்றையும் படிக்கச் சொன்னான். பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். கடைசியாக வந்த குடும்பம் இப்படி எழுதியிருந்தது: "பாப்பாவுக்கு எட்டியது. அவள்தான் எடுத்தாள்." அருள் அதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னான். பிறகு போனின் விளக்கை அடித்து, தாளை மூக்கருகே பிடித்துத் தன் பெயரை எழுதினான். எழுத்து கோட்டிலிருந்து விலகி மேலே ஏறிப் போனது. கூடவே, "எனக்கும்" என்று ஒரு சொல்.

எளிதான பெட்டிகளை இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் மதிப்பதில்லை. எண்ணிக்கையைக் கூட்ட எடுப்பவை என்பார்கள், அருளும் சொன்னவன்தான். எனக்கு இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்தப் பாலத்தில் பெட்டியை வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார். லாரிக்குப் பயப்படாமல் நிற்கலாம். குனிய வேண்டாம், ஏற வேண்டாம். தேடும்போது தண்ணீர்ச் சத்தம் துணைக்கு இருக்கிறது. முள்ளுக்குள்ளோ குப்பைக்குள்ளோ கைவிட வேண்டியதில்லை. சும்மா போகிறவன் நிற்கவே மாட்டாத ஓர் இடத்தில் அந்தப் பெட்டி நம்மைக் கால்மணி நேரம் நிற்க வைக்கிறது. இன்னொன்று, தாள் காய்ந்திருந்தது. வைத்தவர் அவ்வப்போது வந்து பார்க்கிறார் என்று அர்த்தம்.

12.40. ஊருக்குத் திரும்பிச் சாப்பிட்டோம். அளவுச் சாப்பாடு நூறு ரூபாய். வழியில் கோட்டை வாசல் எதிரே அருள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். எட்டு வருடம் முன்பு, ஒரு மே மாதத்தில், கோட்டையின் ராஜகிரி மலை உச்சிவரை ஒரே மூச்சில் ஏறியவன்.

"கோட்டைய உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்துட்டாங்களாம் சார், இப்ப கூட்டம் ஜாஸ்தி" என்றார் ஏழுமலை.

அருள் மலை இருக்கும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்தான். அவன் வட்டத்துக்குள் ஒரு மலையைக் கொண்டுவருவது சுலபமில்லை. "போலாம்" என்றான். மேகம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகல் 2.05. சிங்கவரம் சாலையில் ஓர் ஏரிக்கரை. கரையோரம் வயதான புளியமரம், இடுப்பு உயரத்தில் பொந்து. பொந்துக்குள் பெட்டி என்பது இணையத்தில் கொடுத்திருந்த குறிப்பு. பாம்பு இருக்கும் என்று ஏழுமலை எச்சரித்ததால் நான் முதலில் விளக்கடித்துப் பார்த்தேன். பாம்பு இல்லை. பெட்டியும் இல்லை. ஈரச் சருகும் ஒரு பிளாஸ்டிக் கப்பும் மட்டும் கிடந்தன.

இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பாம்பு இல்லை, கைவிடு" என்று மட்டும் சொன்னேன். ஒருவேளை சருகுக்கு அடியில் இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இருபது நிமிடம் தேடினான். பொந்தின் உள்சுவர் முழுக்கத் தடவினான். வேரடியில் மண்டியிட்டான். பேண்ட் முழங்காலில் சேறு. "இங்கதான் இருக்கணும், இங்கதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். காலையில் கேட்ட குரல் அதில் இல்லை. கண் நன்றாக இருந்தால் கிடைத்திருக்கும் என்று அவன் நினைப்பது அவன் தோள்களில் தெரிந்தது.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் பையில் ஓர் உதிரி டப்பாவும் தாளும் வைத்திருப்பார்கள், நனைந்துபோனதை மாற்றுவதற்கு. என் கைப்பையிலும் இருந்தது. அவன் மரத்தின் மறுபக்கம் போனபோது அதை எடுத்துப் பொந்துக்குள் சருகின் அடியில் செருகினேன். ஏழுமலை பார்த்துவிட்டார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பொந்துல இன்னொரு வாட்டி பாரேன், இடது பக்கம்" என்றேன்.

பார்த்தான். எடுத்தான். நான் எதிர்பார்த்த சத்தம் எதுவும் அவனிடமிருந்து வரவில்லை. மூடியைத் திறந்து தாளைத் தொட்டான்.

"யாரெல்லாம் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லடா. புதுத் தாள் போல இருக்குது. இப்பதான் மாத்தியிருக்காங்க."

கையெழுத்துப் போட்டான். மூடினான். இருந்த இடத்தில் வைத்தான். ஆட்டோவில் வந்து உட்கார்ந்தான். அரை கிலோமீட்டர் போயிருப்போம்.

"வண்டிய நிறுத்துங்க" என்றான்.

ஏழுமலை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் நெல் வயல், தண்ணீர் தேங்கி நின்றது.

"நாலு நாளா மழை" என்றான் அருள். "மரப்பொந்து. கையெல்லாம் சேறு. அந்தப் பேப்பர் மட்டும் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்குது. டப்பா உன் தைல வாசனை அடிக்குது. இன்னாக்கா பண்ண?"

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"ஏழுமலை, நீங்க பாத்தீங்களா?"

"நான் ஒண்ணும் பாக்கல சார்" என்றார் அவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. "அக்கா உங்க நல்லதுக்குத்தான்..."

"நீ கஷ்டப்படறத என்னால பாக்க முடியலடா" என்றேன்.

அருள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னான். "எனக்குப் பாதி உலகம் நீ சொல்றதுதான். லாரி வருதுன்னு சொன்னா நிக்கிறேன். படி இருக்குதுன்னா காலத் தூக்கறேன். நீ எனக்காக ஒண்ணு மாத்திச் சொல்ல ஆரம்பிச்சா, நான் எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியாது. காலையில கெடச்சது? அதுவும் நீ வச்சதா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"நான் எப்பிடி நம்பறது?"

பதினொரு பேர் எழுதியிருந்த தாள். பாப்பாவுக்கு எட்டியது என்ற வரி. அதை நானே கற்பனை செய்து படித்திருக்கலாம் என்று அவன் இப்போது நினைக்கலாம். பொந்தில் ஒரு டப்பாவை வைத்தேன். பாலத்தில் கிடைத்ததை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஆட்டோவுக்குள் அதையும் சத்தமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

"காலையில நான் பாத்தேன் சார்" என்றார் ஏழுமலை திரும்பி உட்கார்ந்து. "அக்கா கம்பியாண்டயே போவல. பத்தடி தள்ளி என்னோடதான் நின்னுச்சு. நீங்களே தடவினு போயி எடுத்தீங்க. எம்புள்ளைங்க மேல ஆணை."

அருள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான். "திருப்புங்க. அந்த டப்பாவ எடுக்கணும்" என்றான்.

திரும்பிப் போனோம். நானே இறங்கி எடுத்துவந்து, அவன் கையில் கொடுத்தேன். தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டப்பாவை என்னிடம் நீட்டினான்.

3.50. சிங்கவரம். குடைவரைக் கோயிலுக்குப் படி ஏறும் இடத்தின் அடிவாரம். கோயில் நடை சாத்தியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை, தூறல் பிடித்திருந்தது. பாறைகள், ஒரு கல் பலகை, ஒரு அடிபம்பு, இரண்டு வேப்பமரங்கள். பெட்டி இந்தச் சுற்றுக்குள் எங்கோ இருக்கிறது. இரண்டு மதிப்பெண்ணும் ஒன்று.

அருள் பையிலிருந்து மடக்குக் கோலை எடுத்தான். மூட்டுகள் ஒவ்வொன்றாக 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டன. என் கையைப் பிடிக்க விரும்பவில்லை என்பதற்காக அது முதல் தடவை வெளியே வந்தது.

"நீ வண்டியிலயே இரு. வாயத் தொறக்காத. நான் விழுந்தாலும்."

கோலால் தரையைத் தட்டிக்கொண்டு போனான். கல் பலகையின் அடியைத் தடவினான். பம்பைச் சுற்றினான். வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டதுபோல் நின்று பட்டையைத் தேடினான்.

சுமார் நாலரைக்கு, ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே, பெட்டியை நான் பார்த்துவிட்டேன். தேடவில்லை. கண் இருப்பவர்களுக்கு அது அப்படித்தான், பார்த்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. எங்கே என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரையை அருளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அவன் கை இரண்டு தடவை அதற்கு ஒரு சாண் தூரத்தில் வந்து திரும்பியது. இரண்டாம் தடவை என் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டேன். ஏழுமலையும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எங்களுக்கு அது மேகம், அவனுக்கு இரவு. ஐந்து மணிக்கு நிமிர்ந்து நின்று என் பக்கமாகக் கேட்டான்:

"அக்கா, உனக்குத் தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை என்று அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தொண்டைவரை வந்தது.

"தெரியுது" என்றேன்.

தலையை ஆட்டினான். "சொல்லாத."

இன்னும் பதினைந்து நிமிடம். பாறை ஒன்றில் விரல் கிழிந்தது. தூறல் மழையானது. கோலைத் தட்டிக்கொண்டு ஆட்டோவுக்குத் திரும்பி வந்தான். தலை, சட்டை எல்லாம் நனைந்திருந்தன. கைக்குட்டையை விரலில் சுற்றினேன், மறுக்கவில்லை.

"போலாம்" என்றான். பேருந்து நிலையத்தில் ஏழுமலைக்குப் பணம் கொடுத்தேன். ஏழுமலை பேசிய எழுநூறுக்குமேல் வாங்க மறுத்துவிட்டார். இறங்கும்போது அருளின் கையைப் பிடித்து, "கையாண்ட வந்துச்சு சார். அவ்ளோதான் சொல்லுவேன்" என்றார்.

6.05. மேல்மலையனூர் கூட்டம் இன்னும் போய்க்கொண்டிருந்தது, எங்கள் திசையில் கூட்டமில்லை. திண்டிவனம் வழியாகத் தாம்பரம் போகும் பேருந்தில் ஏறினோம். ஊர் எல்லையில் திரும்பிப் பார்த்தேன். கோட்டையின் மூன்று குன்றுகளும் மழைக்குள் போயிருந்தன.

தேடிய பெட்டிகளைப் பற்றி இணையத்தில் ஒரு வரி எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றேன். இப்போதே எழுது என்று அவன் சொல்லச் சொல்ல, நான் போனில் தட்டினேன். முதலாவதற்கு: "கிடைத்தது. தாள் காய்ந்திருக்கிறது. வைத்தவருக்கு நன்றி." இரண்டாவதற்கு: "பெட்டி காணவில்லை. வைத்தவர் வந்து பார்க்கவும்." மூன்றாவதற்கு நிறுத்தி யோசித்தான். "பெட்டி இருக்கிறது. என் கைக்குக் கிடைக்கவில்லை." ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினேன். அனுப்பியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

வீட்டில் இந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு மாற்றிச் சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவன் சட்டையில் கறை இருந்தால் இல்லை என்பேன். பழைய கம்பெனி நண்பர்கள் கூப்பிட்டார்களா என்று கேட்டால், நீ தூங்கும்போது போன் பண்ணினார்கள் என்பேன். யாரும் பண்ணியதில்லை. மூன்று அறை கொண்ட எங்கள் வீட்டில் நான் எத்தனை டப்பாக்களைச் செருகிவைத்திருக்கிறேன்!

"வெயில் காலத்துல இன்னொரு வாட்டி வரலாமாடா, அந்த மூணாவதுக்கு?" என்று கேட்டேன்.

"வரலாம்" என்றான். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தான். "ஆனா அதுக்குள்ள இந்த வெளிச்சமும் போயிடும் இல்ல?"

இந்தக் கேள்வியை அவன் முன்பும் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும், அப்படியெல்லாம் ஆகாது, புதுசா மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்பேன்.

"ஆமாண்டா" என்றேன்.

பேருந்துக்குள் விளக்கைப் போட்டார்கள். அவன் நெற்றியைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. கைக்குட்டை சுற்றிய கையை மட்டும் என் பக்கமாக நகர்த்தினான், நான் பிடித்துக்கொண்டேன்.